புஸ்ஸி: எந்த ஊர், எந்த ஆள்?

கேள்வி இதுதான்: புதுச்சேரி புஸ்ஸி வீதிக்குப் பெயர் தந்த ஊர் பிரான்சில் எது? வரைபடத்தில் தேடினால் புஸ்ஸி என்று பல ஊர்கள் வருகின்றன. புத்தகங்களில் புஸ்ஸி-ரபுத்தேன், புஸ்ஸி தம்புவாஸ், புஸ்ஸி-கஸ்தெல்னோ என்று பலர் வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம் இல்லை. ஒரே ஊரும் இல்லை. வீதியின் பெயர் நேராக எந்த ஊரிலிருந்தும் வரவில்லை, ஓர் ஆளிடமிருந்து வந்தது. அந்த ஆளும் புஸ்ஸி என்ற ஊரில் பிறந்தவர் அல்லர். இந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அது ஊரா, நிலவுடைமைப் பட்டமா, பரம்பரைக் குடும்பப் பெயரா, ஒருவர் ஆசைப்பட்டுச் சூட்டிக்கொண்டதா என்பது. நான்குக்கும் உதாரணங்கள் உண்டு.

முதலில் ஊர். ரோமானியர் ஆட்சியில் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் ஒரு பண்ணைக்கோ குடியிருப்புக்கோ பெயர் வைக்கும்போது, உடையவர் பெயரோடு ‘-அக்கும்’ என்ற விகுதியைச் சேர்ப்பார்கள். நம் ஊர்ப் பெயர்களில் ‘-பாக்கம்’ வருவது போல என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒலி ஒற்றுமை தற்செயல்தான், இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. இந்த விகுதி தெற்கே ‘-அக்’ என்று நின்றது, வடக்கே தேய்ந்து ‘-இ’ ஆனது. ஔரேலியஸ் என்பவரின் நிலம் தெற்கே ஒரியாக் நகரமானது. அதே பெயர்தான் வடக்கே பாரிஸ் விமான நிலையம் இருக்கும் ஓர்லி. இதே முறையில், வடக்கே புஸ்ஸி என்று இருப்பதற்குத் தெற்கே இணையாகப் புஸ்ஸாக் என்ற ஊர்கள் உண்டு.

முன்பாதியான ‘புஸ்’ஸுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, புக்கியுஸ் என்ற ஆளின் பெயர். மற்றொன்று, லத்தீனில் புக்ஸுஸ், இன்றைய பிரெஞ்சில் புயி எனப்படும் புதர்மரம். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் தானாக வளரும், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும். மெதுவாக வளர்வதால் மரம் அத்தனை கெட்டி, தண்ணீரில் போட்டால் மூழ்கும். சீப்பு, சதுரங்கக் காய், புல்லாங்குழல், அச்சுக்கான மரச்செதுக்குக் கட்டை எல்லாம் இதில் செய்தார்கள். பனையும் தென்னையும் இல்லாத வடபிரான்சில் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வது இந்த மரத்தின் கிளையைத்தான்.

ஒவ்வொரு புஸ்ஸிக்கும் இரண்டில் எந்த விளக்கம் பொருந்தும் என்பதை அந்த ஊரின் மிகப் பழைய எழுத்துவடிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இடைக்கால லத்தீன் ஆவணத்தில் ‘புக்ஸியாக்கும்’ என்று இருந்தால் மரத்தின் பக்கம் சாயலாம், ‘புக்கியாக்கும்’ என்று இருந்தால் ஆளின் பக்கம். அப்போதும் அவசரம் கூடாது. மடத்து எழுத்தர்கள் மக்கள் வாயில் வந்த பிரெஞ்சுப் பெயரைக் கேட்டு, அது எதுவாக இருந்திருக்கும் என்று தாங்களே ஊகித்து லத்தீனாக்கி எழுதிய வழக்கம் உண்டு. ஆகவே காலத்தால் பிந்திய ஒரே ஓர் ஆவணத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எல்லாப் புஸ்ஸிக்கும் சேர்த்து ஒரே பொருள் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் நம்பாதீர்கள்.

இதே வேர்களிலிருந்து எழுத்து வேறுபட்ட உறவுக்காரர்களும் உண்டு. சுவாசோன் நகரை ஒட்டிய புசி-ல-லோன், ஓர்லியோன் பக்கத்துப் புசி-சேன்-லிஃபார் ஆகியவற்றில் இரட்டை ‘எஸ்’ கிடையாது, ‘சி’ என்ற எழுத்துதான். பர்கண்டியில் மொன்தான்யி வெள்ளை ஒயினுக்குப் பெயர்போன ஊரை ‘எக்ஸ்’ போட்டு எழுதுவார்கள், வாயில் சொல்லும்போது அதுவும் புஸ்ஸிதான். புவாஸி என்று தொடங்கும் ஊர்களையும் பெரும்பாலும் இந்த மரத்தோடுதான் சேர்க்கிறார்கள். இந்தக் கடைசி வகையால் பயணிகளுக்கு உண்மையான குழப்பம் நேரும். பாரிஸின் எர்-இ-எர் ‘ஏ’ ரயில் பாதை கிழக்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை புவாஸி-சேன்-லெஜேயில் முடிகிறது. மற்றது புஸ்ஸி-சேன்-ஜோர்ஜ் வழியாக டிஸ்னிலாந்து வாசலான மார்ன்-லா-வலே ஷெஸ்ஸிக்குப் போகிறது. காதால் மட்டும் கேட்டு ஏறினால் தவறான கிளையில் போய் இறங்குவீர்கள், திரும்ப வேன்சேன் வந்துதான் மாற வேண்டும். டிஸ்னிலாந்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் உள்ள புஸ்ஸியில் தங்கும் விடுதி எடுப்பவர்கள் பலர் என்பதால், நடைமேடைப் பலகையில் ‘ஷெஸ்ஸி’ என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

ஊர்களைப் பிரித்தறிய ஒட்டுப் பெயர்தான் சாவி. கோத்-தோர் மாவட்டத்தில் இருப்பது ‘பெரிய’ என்ற அடையோடு வரும் புஸ்ஸி-ல-கிரான். சேன்-எ-மார்னில் புஸ்ஸி-சேன்-ஜோர்ஜும் புஸ்ஸி-சேன்-மர்த்தேனும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், கோயில் புனிதரை வைத்துப் பிரித்தது. 1980-களின் தொடக்கத்தில் சில நூறு பேர் வாழ்ந்த சேன்-ஜோர்ஜ், மார்ன்-லா-வலே புதுநகரத் திட்டத்தால் இன்று 25,000 பேரைத் தாண்டிவிட்டது, பக்கத்து மர்த்தேன் இன்னும் கிராமம்தான். யோன் மாவட்டத்தின் புஸ்ஸி-ஆன்-ஓத், ஓத் காட்டுக்குள் இருப்பதால் அப்படி. சோம் மாவட்டத்தில் புஸ்ஸி-லே-தவூர் என்று ஒன்று. இங்கே ‘லே’ என்பது பன்மைச் சொல் அல்ல, ‘அருகில்’ என்று பொருள்படும் பழஞ்சொல், ஆக தவூருக்குப் பக்கத்துப் புஸ்ஸி. மார்ன் மாவட்டத்தின் புஸ்ஸி-லெத்ரேயில் உள்ள பின்பாதி ‘லெஸ்த்ரே’ என்பதன் திரிபு, கல் பாவிய ரோமானியச் சாலை என்று பொருள். வாத்ரி விமான நிலையம் இந்த ஊரருகே இருக்கிறது.

ஒட்டுப் பெயரும் கைவிடும் இடங்கள் இரண்டு. புஸ்ஸி-ல-ரப்போ என்று மார்னில் ஒன்று, யோனில் ஒன்று. புஸ்ஸி-லா-பெல் என்று கோத்-தோரில் ஒன்று, நியேவ்ரில் ஒன்று. இந்த நான்கு ஊர்களுக்கும் மாவட்ட எண் இல்லாமல் எதையும் எழுதக் கூடாது: மார்னுக்கு 51, யோனுக்கு 89, கோத்-தோருக்கு 21, நியேவ்ருக்கு 58. ஒட்டே இல்லாத வெறும் புஸ்ஸிகள் ஷேரிலும் (18) உவாஸிலும் (60) உள்ளன. எல்லை தாண்டினால் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் புஸ்ஸி-சுய்ர்-மூதோன் இருக்கிறது. அங்கேயே இருந்த புஸ்ஸி-ஷர்தொனே 2021-இல் ஓத்மோர்ஜ் என்ற புது ஊராட்சியில் இணைந்துவிட்டது. பழைய பதிவுகளைத் தேடுபவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி ஆட்கள். ஊரும் ஆளும் உண்மையாகவே சேருவது புஸ்ஸி-ல-கிரானில்தான். ரொஜே த ரபுத்தேன் (1618–1693) அந்த நிலத்துக்குக் கவுண்ட் (பிரபுப் பட்டம்), அதனால் புஸ்ஸி-ரபுத்தேன். கடிதங்களால் புகழ்பெற்ற மதாம் த செவீன்யேவுக்கு உறவுமுறைச் சகோதரர். படைத்தளபதி, கூரிய பேனாக்காரர். 1665-இல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வானார். அதே ஆண்டில், அரசவைப் பெண்களின் காதல் விவகாரங்களை எழுதி வைத்திருந்த நூல் கசிந்து வெளியானதால் பஸ்திய் சிறைக்கும் போனார். பின்பு சொந்த நிலத்துக்குத் துரத்தப்பட்டார். அங்கே மாளிகைச் சுவர்களை எல்லாம் உருவப் படங்களாலும், தன்னை விலக்கிய அரசவையைக் குத்தும் வாசகங்களாலும் நிரப்பினார். மாளிகை இன்றும் நிற்கிறது, அரசின் பராமரிப்பில் பார்வைக்குத் திறந்திருக்கிறது. போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மாளிகைக்கு ‘புஸ்ஸி-ரபுத்தேன்’ என்று பெயர், அது இருக்கும் ஊருக்குப் பெயர் புஸ்ஸி-ல-கிரான். ஊர்ப் பட்டியலில் ‘புஸ்ஸி-ரபுத்தேன்’ என்று தேடினால் கிடைக்காது. நெப்போலியனின் தளபதி ஜுய்னோ 1771-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். புஸ்ஸியில் பிறந்த புகழ்பெற்றவர் என்றால் அவர்தான், ஆனால் அவர் பெயரில் புஸ்ஸி இல்லை. ரபுத்தேனோ இந்த ஊரில் பிறக்கவில்லை, எப்பிரியில் பிறந்தார். பிறந்த ஊரையும் பட்டப் பெயரையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்தத் தலைப்பில் நடக்கும் முதல் தவறு.

புஸ்ஸி தம்புவாஸ் இவருக்கு முந்திய நூற்றாண்டைச் சேர்ந்தவர், உறவும் இல்லை. முழுப் பெயர் லூயி த கிளெர்மோன், புஸ்ஸியின் பிரபு. வாள்வீச்சிலும் வாய்வீச்சிலும் பேர்போனவர். மோன்சோரோ கவுண்டின் மனைவியைக் காதலித்ததால் 1579 ஆகஸ்டில் அந்தக் கவுண்டின் ஆட்கள் வளைத்துக் கொன்றார்கள். ஆங்கில நாடகாசிரியர் சாப்மனும் பின்பு அலெக்சாந்தர் துய்மாவும் இவரைக் கதைமாந்தராக்கியதால், படிக்கிறவர்களிடம் ‘புஸ்ஸி’ என்றாலே இவர் நினைவுதான். இதிலிருந்து ஒரு கிளை: பாரிஸில் ழான் லெக்லேர் என்றொரு வழக்கறிஞர், இவர் மேல் கொண்ட பற்றால் தன் பெயரைப் புஸ்ஸி-லெக்லேர் என்று மாற்றிக்கொண்டார். கத்தோலிக்கக் கூட்டணிக்காகப் பஸ்தியின் பொறுப்பை ஏற்று 1589 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தின் நீதிபதிகளையே கைது செய்தவர் இவர்தான். இவர் பெயரில் எந்த நிலமும் இல்லை, எந்த ஊரும் இல்லை. ஆளிடமிருந்து கடன் வாங்கிய புஸ்ஸி.

நமக்கு வேண்டியவர் ஷார்ல் ஜோசஃப் பத்திசியே. குடும்பப் பெயர் பத்திசியே, புஸ்ஸி அதன் பின்னால் வரும் நிலப்பெயர், பிற்காலத்தில் கஸ்தெல்னோ என்ற சொத்தின் பெயரும் சேர்ந்து புஸ்ஸி-கஸ்தெல்னோ ஆனது. பிறந்தது வடபிரான்சில் சுவாசோன் வட்டாரத்து ஆன்சியன்வில் கிராமத்தில். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் படைத்தலைவராக 1750 செப்டம்பரில் ஓர் இரவுத் தாக்குதலில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர் இவர். மறு ஆண்டு, ஹைதராபாத் நிஜாமாகியிருந்த முசாபர் ஜங்கோடு தக்காணத்துக்குப் போனார். முசாபர் ஜங் வழியிலேயே கொல்லப்பட, சலாபத் ஜங்கை அரியணையில் உட்கார வைத்தார். 1753-இல் ஆந்திரக் கடற்கரையின் வட சர்க்கார் பகுதிகள் பிரெஞ்சுக்காரருக்கு வந்தது இவர் செல்வாக்கால். 1757 ஜனவரி 24 பொப்பிலிப் போரில் ஆந்திராவின் விஜயநகரம் (ஹம்பியின் விஜயநகரப் பேரரசு அல்ல) அரசரின் பக்கம் நின்றார். தெலுங்கு வாய்மொழிக் கதைப்பாடலில் இவர் ‘மூசாபுஸ்ஸி’. ‘முசியே’ என்ற பிரெஞ்சு மரியாதைச் சொல் மூசாவாகிவிட்டது. ஹைதராபாத்தின் மூசாராம்பாக்கில் உள்ள மூசாவும் அதே சொல்தான், ஆனால் ஆள் வேறு: இவருக்குப் பின் நிஜாமிடம் படைத்தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் ரேமோன். இரண்டு மூசாக்களையும் ஒருவராக்கி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

1758-இல் பிரெஞ்சுப் படைகளின் தலைமைத் தளபதி லாலி இவரைத் தெற்கே திரும்ப அழைத்ததோடு தக்காணத்தில் பிரெஞ்சு ஆதிக்கம் சரிந்தது. 1760 ஜனவரி 22 வந்தவாசிப் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். முதிய வயதில் 1783-இல் மீண்டும் படையோடு வந்து கடலூரைக் காத்து நின்றார், சமாதானச் செய்தி வந்து சண்டை நின்றது. 1785 ஜனவரி 7 புதுச்சேரியில் இறந்தார். கல்லறை, கப்ஸ் கோயிலுக்கு எதிரில் உள்ள இடுகாட்டில் இருக்கிறது.

இவர் காலத்திலேயே இன்னொரு ‘முசியே த புஸ்ஸி’ இருந்தார் என்பதால் ஆவணம் படிப்பவர்கள் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிரான்சுவா த புஸ்ஸி (1699–1780) வெளியுறவுத் துறை அதிகாரி, ‘101’ என்ற மறைபெயரில் ஆங்கிலேயருக்கு உளவு சொன்னவர். 1761-இல் சமாதானம் பேச லண்டனுக்கு அனுப்பப்பட்டவர் இவர்தான். வந்தவாசியில் பிடிபட்டவர் மறு ஆண்டே லண்டனில் பேச்சுவார்த்தை நடத்தினார் என்று தளபதியின் வாழ்க்கைக் குறிப்பில் யாராவது எழுதியிருந்தால், இரண்டு பேரை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 1761-ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஆங்கில அமைச்சர் பிட், பிரெஞ்சு அமைச்சர் சுவாசேல் என்ற பெயர்கள் வந்தால் அதிகாரி. லாலி, நிஜாம், மசூலிப்பட்டணம் வந்தால் தளபதி.

ஆக நம் பக்கத்துச் சங்கிலி இப்படிப் போகிறது: கால் நாட்டுப் பண்ணைப் பெயர், அதிலிருந்து நிலப்பட்டம், பட்டத்திலிருந்து தளபதி, தளபதியிலிருந்து புதுச்சேரியில் கால்வாயைக் கடந்து கிழக்கு மேற்காக ஓடும் வீதி, அந்த வட்டாரத்திலிருந்து சட்டமன்றத் தொகுதி. வீதிக்கு இன்று லால் பகதூர் சாஸ்திரி வீதி என்பது பெயர், ஆனால் ஊர்க்காரர் வாயில் இன்னும் புஸ்ஸி வீதிதான். தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 தேர்தலில் புஸ்ஸி தொகுதி இல்லாமல் போனது. அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்ததால்தான் தமிழக வெற்றிக் கழகத்தின் ஆனந்த் ‘புஸ்ஸி ஆனந்த்’ ஆனார். தொகுதி போய்விட்டது, பெயர் ஓர் ஆளிடம் ஒட்டிக்கொண்டு சென்னை வரை வந்துவிட்டது.

குடும்பப் பெயராக உறைந்துவிட்ட புஸ்ஸி இன்னொரு வகை. வேதியியலாளர் அந்துவான் புஸ்ஸி (1794–1882) மார்செய்யில் பிறந்தவர். 1828-இல், ஜெர்மன் வேதியியலாளர் வோலரைப் போலவே, தனியாகப் பெரிலியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுத்தவர். ஓவியர் சிமோன் புஸ்ஸி தோல் நகரத்தவர். இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் பெயரும் ‘த புஸ்ஸி’, அதாவது புஸ்ஸிக்காரர் என்பதுதான். அவர் முன்னோர் பர்கண்டியின் எளிய மக்கள். இளமையில் அவர் ‘த’வைத் தனியாகப் பிரித்துக் கையெழுத்திட்டதுண்டு, அப்படி எழுதினால் பிரபு வம்சம் போலத் தோன்றும். ‘த’ வந்துவிட்டால் பிரபு என்று முடிவு செய்ய இடமில்லை. ஊரை விட்டு வந்த உழவனையும் புது ஊரில் அப்படித்தான் அழைத்தார்கள். பாரிஸின் புசி தெரு இதிலெல்லாம் சேராது. 1350-இல் அங்கிருந்த கோட்டை வாசலை வாங்கிய நீதிமன்றத் தலைவர் சிமோன் த புசியின் பெயர் அது.

கையில் ஒரு பழைய ஆவணம் இருந்து, அதில் உள்ள புஸ்ஸி எது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், முதலில் ஆண்டைப் பாருங்கள். மாவட்டங்கள் 1790-இல்தான் வந்தன. அதற்கு முந்திய தாளில் மறைமாவட்டம், நீதிமன்ற எல்லை ஆகியவைதான் அடையாளம். ‘சுவாசோன் மறைமாவட்டம்’ என்று இருந்தால் பர்கண்டிப் பக்கம் தேடுவது வீண். அடுத்து, அதே பக்கத்தில் வரும் அண்டை ஊர்ப் பெயர்களில் குறைந்தது மூன்றையாவது எழுதி எடுத்துக்கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் காசினி வரைபடத்தில் (அளவு 1:86,400, இணையத்தில் இலவசம்) ஒவ்வொரு புஸ்ஸியைச் சுற்றியும் பாருங்கள். மூன்றும் ஒரு நடை தூரத்துக்குள் விழும் புஸ்ஸிதான் உங்களுடையது. அதற்குப் பின், அந்த மாவட்டத்தின் இடப்பெயர் அகராதியில் பழைய வடிவங்கள் ஆண்டோடு தந்திருப்பார்கள், உங்கள் ஆவணத்து எழுத்து அங்கே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 1793, 1794 தாள்களில் ‘சேன்’ என்று தொடங்கும் ஒட்டுகள் காணாமல் போயிருக்கும், புரட்சி அரசு புனிதர் பெயர்களை நீக்கிய காலம் அது.

இணையத் தேடலில் கெடுவது பெரும்பாலும் எழுத்தால்தான். 18-ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் நடுவில் வரும் ‘எஸ்’ நீளமாக, ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி அதை ‘பஃபி’ என்று படித்து வைத்திருக்கும். ஆகவே இரண்டு ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடுங்கள், மற்றபடி கிடைக்காத பக்கங்கள் வரும். அட்டவணையில் ‘த’வைத் தள்ளிவிட்டு ‘பி’ எழுத்தின் கீழ் பாருங்கள். சேர்த்தெழுதிய தெபுஸ்ஸி மட்டும் ‘டி’யின் கீழ். தளபதியைப் பத்திசியே என்றும், ரபுத்தேனை இரண்டு பெயரின் கீழும் பாருங்கள்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தனிச்சட்டத்தை (மத, சாதி வழக்கப்படியான குடும்பச் சட்டத்தை) துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிந்தார்கள். வீட்டில் பிரெஞ்சு ஊர்ப் பெயர் குடும்பப் பெயராக இருந்தால், அந்த ஊரிலிருந்து முன்னோர் வந்தார் என்று தொடங்காதீர்கள். முதலில் துறப்புப் பதிவைத் தேடுங்கள், எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் புதுச்சேரியின் சிவில் பதிவேடுகள் உள்ளன. பதிவில் பழைய தமிழ்ப் பெயர், தந்தை பெயர், தேர்ந்த புதுப் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து தந்தையின் பெயரைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். புதுப் பெயரைப் பிடித்துப் போனால் 1881-ஐத் தாண்ட முடியாது.